போர்டம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

"கொத்தமல்லி வீடு இதுதானே?"

கேட்டைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். முதுகில் பை, கையில் ஹெல்மெட். நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"காய்கறிக் கடை தெருமுனையில இருக்கும்மா. இங்க சாவு விழுந்திருக்கு, பார்த்தா தெரியலையா?"

"தெரியும்க்கா. அவங்கதான் கொத்தமல்லி."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து இறந்தவளின் கணவர் மைக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "இதே வீடுதாம்மா, உள்ள வாங்க. நீங்க தும்பியா, நடைவண்டியா?"

"தும்பி."

"நினைச்சேன். நடைவண்டி?"

"பஸ்ல வந்துட்டிருக்கார். நேரா மயானத்துக்கே வந்துடுறேன்னார்."

இருவரும் முன்னறையில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். கண்ணாடிக்குக் கீழே அவர் மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். மூக்குக்கண்ணாடி இல்லாத முகம் அவருக்கே பழக்கமில்லாததாக இருந்தது. தும்பி வெகுநேரம் பார்த்தாள். "இப்பதான் முதல் தடவை பார்க்கிறேன்" என்றாள். ஹெல்மெட்டை அணைத்துக்கொண்டு அழுதாள்.

மைக்காரருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் முத்திரை குத்திவிட்டு வந்து, சாயங்காலமானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள் அவர் மனைவி. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், காலணா கிடையாது. அங்கே அவள் பெயர் கொத்தமல்லி. கூட எழுதுகிறவர்களுக்கும் இதே மாதிரி பெயர்கள். சாப்பிடும்போது, "தும்பி இன்னைக்கு என் வரியைத் தூக்கிட்டா, தெரியுமா?" என்பாள், ஏதோ பரிசு வாங்கினவள் போல. மைக்காரர் நேரில் பார்க்காத சொந்தக்காரர்கள் அவர்கள்.

அவருடைய தொழில் வேறு. கூரையில் இரண்டு ஸ்பீக்கர் கட்டிய வேன், கையில் மைக். துணிக்கடைத் தள்ளுபடி, புதுப் பாத்திரக்கடைத் திறப்பு விழா, காணாமல் போன குழந்தை, கட்சிக் கூட்டம், எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். அந்த வாய்க்குள் போன எதுவும் சாதாரணமாக வெளியே வந்ததில்லை. எவர்சில்வர் டம்ளர்கூட மாபெரும், மகத்தான, அதிரடி டம்ளராகத்தான் வரும். புருஷன் பகலெல்லாம் ஏற்றிவிட்டு வந்த அடைமொழிகளைப் பெண்டாட்டி வீட்டில் உட்கார்ந்து உலகத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். 'மாபெரும் ஏரி' என்று யாராவது எழுதியிருந்தால் 'மாபெரும்' போய்விடும். ஏரியின் பரப்பளவு வரும். பரப்பளவுக்குப் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று ஒரு குறிப்பு நிற்கும். அந்த ஆதாரம் கிடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

போன வாரம் ஆஸ்பத்திரியில், மகள் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மனைவி அவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, மயானத்துல நீங்கதான் பேசணும். மைக் புடிச்ச கை, வேற யாராவது பேசினா தாங்காது."

"சும்மா இரு."

"கேளுங்க. ஆதாரம் இல்லாம ஒரு வார்த்தை வரக்கூடாது. 'மாபெரும்'னு ஒரே ஒரு தடவை சொன்னீங்க, பெட்டியை உதைச்சிட்டு எழுந்து வந்துடுவேன்."

"அப்படின்னா கண்டிப்பா சொல்றேன்" என்றார் அவர்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், அது இருமலில் போய் முடிந்தது. மகள் இருவரையும் திட்டினாள்.

நேற்றுச் சாயங்காலம் அவள் போய்விட்டாள். இன்று பதினொரு மணிக்கு மின்மயானம். மைக்காரர் விடிந்ததிலிருந்து என்ன பேசுவது என்று முட்டிக்கொண்டிருந்தார். ஆயிரம் மேடை பார்த்த வாய், சொந்தப் பெண்டாட்டிக்கு நாலு வரி தேடி அலைந்தது. கையில் இருந்த சரக்கெல்லாம் அடைமொழி. அவளுக்கோ அதில் ஒன்றுகூட ஆகாது.

ஆனால் வருகிறவர்கள் தந்தார்கள். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி வந்தாள். பெட்டியைக் கும்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நோயாளிக்கு ஆஸ்பத்திரி சாப்பாடு போடும். கூட இருக்கிறவங்களுக்கு யாரு போடுவா? சனிக்கிழமை ஆனா இந்த அம்மாதான் பாத்திரத்தைத் தூக்கிட்டு வருவாங்க. பாலு தயிரு ஒண்ணும் இருக்காது, ஆனா வாய்க்கு நல்லா இருக்கும். நானே சாப்பிட்டிருக்கேன்."

"நீங்களே சாப்பிட்டீங்க, இல்ல?" என்று மைக்காரர் அழுத்திக் கேட்டார்.

"ஆமாங்கய்யா. பொய்யா சொல்லுவேன்?"

சரி, இது நிற்கும் என்று மனதில் ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

சுவரோரம் பெரிய நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அவளுடைய அண்ணன். மின்வாரியத்தில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன சொன்னாலும் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. தங்கை மேல் உயிர். அதனாலேயே கோபமும் அதிகம்.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "என் தங்கச்சி தங்கம். அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா ஆயுசு பூரா வெயில்ல போர்டு புடிச்சு நின்னாளே, கறி தின்னாதே, முட்டை தின்னாதே, பால் குடிக்காதேன்னு. யாரு கேட்டா? ஒருத்தர் கேட்டாங்களா?"

"கேட்காமலா இருந்திருப்பாங்க, மச்சான்?"

"யாரு, சொல்லுங்க. நீங்களே கேட்கல."

மைக்காரருக்குச் சுருக்கென்றது. வீட்டில் அவள் சமைத்ததைத்தான் சாப்பிட்டார், குறை சொன்னதில்லை. வேன் நிறுத்துகிற இடத்தில் மட்டும் ஒரு ஆம்லெட் கடை இருந்தது. அவளுக்கும் தெரியும். வீட்டுப் படியேறும்போதே, "வாயைக் கொப்புளிச்சிட்டு உள்ள வாங்க" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அந்த வார்த்தையே எனக்குப் புரிஞ்சதில்ல" என்றார் மச்சான். "நனிசைவமாம். நனி என்ன நனி."

"நனின்னா மிகுதி, அங்கிள்" என்றாள் தும்பி. "வீகன்னே எழுதிட்டுப் போலாம்னு நாங்க எல்லாரும் சொன்னோம். கொத்தமல்லி விடல. தமிழ்ல வார்த்தை இருக்கும்போது ஏன்னு ஒத்தை ஆளா நின்னு சண்டை போட்டாங்க. கடைசியில பக்கத்துக்குத் தலைப்பே நனிசைவம்தான்."

மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மைக்காரர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். இதற்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று இருந்தது. மயானத்தில் அத்தனை பேர் முன்னால் மச்சானுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அவள் பேச்சு வீணாகவில்லை என்று சொல்ல வேண்டும். குழாயடியில் நின்று குரலைத் தாழ்த்தி ஒத்திகை பார்த்தார்: "அவள் சொன்னதை இந்த ஊர் கேட்டது." நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னார். திரும்பினால் தும்பி தண்ணீர் குடிக்க வந்து நின்றிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவள் தயங்கினாள். "நிக்காது அங்கிள்."

"ஏன்?"

"ஊர்னா எந்த ஊர், யாரு கேட்டா, கேட்டு என்ன செஞ்சாங்க, அதை யாரு பார்த்தா." விரலை மடக்கி மடக்கிச் சொன்னவள் பாதியில் நிறுத்தினாள். கண் மறுபடி கலங்கிவிட்டது. "ஸாரி அங்கிள். என் முதல் கட்டுரையை அவங்க இப்படித்தான் கேட்டாங்க. ரெண்டு நாள் கோவத்துல பேசவே இல்ல நான். அப்புறம் தேடிப் பார்த்தா, நான் எழுதினதுல பாதி தப்பு."

மைக்காரர் தலையாட்டினார். வரியை விட்டுவிட்டார்.

கதவுக்குப் பின்னால் அந்தப் போர்டு சாய்ந்திருந்தது. தும்பி அதைத் திருப்பிப் பார்த்தாள். 'இதுக்கும் வலிக்கும்' என்று எழுத்து. அதற்குக் கீழே ஒரு பறவை.

"வாத்தா?"

"கோழி. நான் வரைஞ்சேன்" என்றார் மைக்காரர் கௌரவமாக. தும்பி அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தக் கோழியால் வந்த வினை கொஞ்சமல்ல. ஞாயிறு காலையில் அவள் மார்க்கெட் தெருவில் கறிக்கடைக்கு எதிரே இந்தப் போர்டோடு நிற்பாள். பார்க்கிறவர்கள் நேரே கடைக்குப் போய், "வாத்துக்கறி வந்திருக்காமே?" என்று கேட்பார்கள். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரிப்பார். "போர்டம்மா, உங்க புண்ணியத்துல நாலு பேரு கூட வர்றாங்க, நிறுத்திடாதீங்க" என்று அங்கிருந்தே கத்துவார். வெயில் ஏறினால் தன்னுடைய சிவப்பு ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார். "நின்னு நின்னு கால் வீங்குது பாருங்க, உட்கார்ந்து திட்டுங்க" என்பார். அவளும் உட்கார்ந்து, "ஒரே ஒரு ஞாயிறு கடையை மூடுங்களேன்" என்று ஆரம்பிப்பாள். "நீங்க போற அன்னைக்கு மூடுறேன், போங்க" என்பார் அவர். வாராவாரம் நடக்கிற கூத்து இது. மைக்காரரே பல தடவை வேனை ஓரம் கட்டி வேடிக்கை பார்த்திருக்கிறார்.

அந்தக் கடைக்காரர் இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தபால் ஆபீஸ் மொத்தமும் வந்துவிட்டுப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் வந்தார். அவளோடு கால்வாயில் இறங்கிச் சுத்தம் பண்ணின காலேஜ் பெண்கள்கூட வந்து வரிசையாக நின்றார்கள். கறிக்கடைக்காரர் எட்டிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை. யாவாரத்தை விட்டுட்டு எப்படி வருவான்" என்றார் மச்சான், கேட்காமலே.

பத்து மணிக்கு வண்டி வந்தது. மைக்காரர் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் பெட்டியோடு மகளும் மச்சானும். தும்பி பைக்கில் தொடர்ந்தாள்.

"மார்க்கெட் தெரு வழியா போங்க" என்றார்.

"அந்தப் பக்கம் இன்னைக்கு நெரிசலா இருக்கும்யா. வெளிவட்டத்துல போனா சீக்கிரம் போயிடலாம்."

"பரவாயில்ல. அவ நின்ன இடம் அது."

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் பயமாக இருந்தது. கடை முன்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கும், கத்தி ஓடிக்கொண்டிருக்கும், அவன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். அதையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வண்டி தெருவுக்குள் திரும்பியது. பூக்கடை, பழக்கடை, மளிகைக்கடை எல்லாம் வழக்கம் போல. கறிக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது.

மைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ஷட்டர் அடி வரைக்கும் இறங்கிப் பூட்டுப் போட்டிருந்தது. வாசலில் கோழிக் கூண்டு, அதில் கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு. கூண்டுக்கு முன்னால் சிவப்பு ஸ்டூலைப் போட்டு, அதில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டு, பையோடு வந்த இரண்டு பேரிடம் கடைக்காரர் கையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றார் மைக்காரர்.

வண்டியைப் பார்த்ததும் கடைக்காரர் ஓடி வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மன்னிச்சிடுங்கண்ணே. வீட்டுக்கு வரணும்னு விடியக்காலையிலேயே குளிச்சிட்டேன். ஆனா நான் இந்தப் பக்கம் நகர்ந்தா என் தம்பி அந்தப் பக்கம் ஷட்டரைத் தூக்கிடுவான். ஞாயித்துக்கிழமை பாருங்க, அவனுக்குக் கை பரபரங்குது. அதான் காவலுக்கு நிக்கிறேன்."

மைக்காரர் ஜன்னல் வழியே கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தார்.

"வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இல்லாம சொல்லிட்டேன், போற அன்னைக்கு மூடுறேன்னு. சாமர்த்தியமா ஞாயித்துக்கிழமையா பார்த்துக் கிளம்பிட்டாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பின்பக்கம் போய்க் கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "போர்டம்மா, மூடிட்டேன். பார்த்துக்குங்க."

திரும்பி வந்து மைக்காரரிடம் மட்டும் குரலை இறக்கினார். "நாளைக்குத் திறந்துடுவேன்ணே. அதையும் சொல்லிடுறேன். அவங்ககிட்ட பொய் சொல்ல முடியாது."

"சரிய்யா" என்றார் மைக்காரர். "போதும். ரொம்பப் போதும்."

வண்டி நகர்ந்தது. மைக்காரர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். காலையிலிருந்து கூனிக்கிடந்த முதுகு. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்பீக்கர் கட்டிய வேனில் போயிருந்தால் அப்போதே மைக்கை எடுத்துத் தெருவுக்குச் சொல்லியிருப்பார், இந்தாங்கய்யா, இது என் பெண்டாட்டி, ஞாயித்துக்கிழமை கறிக்கடையை மூட வச்சவ.

மயானக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். சோளப்பொரி மாதிரி தலை நரைத்த ஒரு ஒல்லி மனிதர் பஸ் டிக்கெட்டைக் கையில் வைத்தபடி முன்னால் வந்து, "நான்தான் நடைவண்டி" என்றார். மைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு மைக்கை வாங்கினார். பழக்கத்தில் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"இவ தபால் ஆபீஸ்ல வேலை பார்த்தா" என்று ஆரம்பித்தார். அவருடைய விளம்பரக் குரலை எதிர்பார்த்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "கண்ணு தெரியாதவங்களுக்கு வந்த கடிதத்தைப் படிச்சுக் காட்டுவா. ஆபீஸ்காரங்க இங்க இருக்காங்க, கேட்டுக்கலாம். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போனா. சாப்பிட்டவங்க அந்தா உட்கார்ந்திருக்காங்க. கலைக்களஞ்சியத்துல மண்புழுவைப் பத்தின பக்கம் இவ எழுதினது. தும்பியும் நடைவண்டியும் சாட்சி. கால்வாய்க்குள்ள இறங்கிக் குப்பை அள்ளினா. பால், முட்டை, கறி, தேன் எதுவும் தொடல. தோல் செருப்பு போடல. என்னை எதுவும் சொன்னதில்ல, வாயைக் கொப்புளிக்கச் சொன்னதைத் தவிர."

கூடத்தில் மெல்லச் சிரிப்பு எழுந்து அடங்கியது. அவர் மச்சானைப் பார்த்தார்.

"யாரு கேட்டான்னு ஒரு கேள்வி வந்துச்சு. நியாயமான கேள்விதான். ஊர் கேட்டுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு ஆதாரம் இல்ல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மார்க்கெட் தெருவுல கறிக்கடை மூடியிருக்கு. நாளைக்குத் திறந்துடுவாங்க. இன்னைக்கு மூடியிருக்கு."

முன்வரிசையில் மச்சான் தொண்டையைச் செருமினார். "ஆமா. நானும் பார்த்தேன்" என்றார், தணிக்கைக் குறிப்பு எழுதுகிறவர் போல. பிறகு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். மகள் மைக்கை வாங்கிக்கொள்ள எழுந்து வந்தாள். மைக்காரர் கொடுக்கவில்லை. பெட்டியின் பக்கம் திரும்பினார். கிட்டத்தில் போய் நின்று, மைக்கை வாயோடு ஒட்டி, தன் முழுத் தொழில் குரலில், கூடத்தின் கடைசி மூலைவரை அதிரும்படி சொன்னார்:

"மாபெரும்."

சொல்லிவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. அவளும் அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கையிலிருந்து மைக்கை மெல்ல எடுத்து அணைத்தாள்.

எல்லாம் முடிந்து காரில் திரும்பும்போது மதிய வெயில் கொளுத்தியது. யாரும் சொல்லாமலே கார் மார்க்கெட் தெரு வழியாகவே வந்தது. கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. கறிக்கடை ஷட்டர் அப்படியே இருந்தது. கடைக்காரர் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்து, ஒரு பழைய தட்டை உள்ளே தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு கம்பியில் இடித்தது.

மைக்காரர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"என்னய்யா?"

"தண்ணி வைக்கலாம்னு பார்க்கிறேன்ணே. வாயைத் திறந்துக்கிட்டு நிக்குதுங்க." கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை இந்நேரத்துக்குக் கூண்டுல ஒண்ணும் மிஞ்சாது. மத்தியானம் தண்ணி வச்சுப் பழக்கமே இல்ல."

மைக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி, எதிர்ப்பக்கம் தெருக்குழாய்க்கு நடந்தார்.